அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவர்கள்

வாய்க்காலில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலையில் கை வலிப்பதைவிடக் காதுதான் அதிகம் வலிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷில் தெரிந்த வினை ஒன்றே ஒன்று. அதையும் ஊரார்தான் ஓயாமல் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினார்கள். பஸ் சீட்டிலும் ரேஷன் வரிசையிலும் அடுத்தவருக்கு நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன தை மாதம் ஆற்றில் தண்ணீர் குறைந்து, முறை வைத்தார்கள். மூன்று நாள் தலைமடைக்கு, அடுத்த மூன்று நாள் முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்கு. அதோடு சரி. கடைமடையின் கோடியில் செல்வி என்பவர் இரண்டு வயல் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த முறை தவறினால் இரண்டும் பதர்தான்.

மூன்றாவது பந்தி

தலைமடை மகாலிங்கம், தன் மகள் கல்யாணத்தில் என்னை முதல் பந்தியிலிருந்து எழுப்பி, "சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றவர். மூன்றாவது பந்தியில் எனக்கு அப்பளம் இல்லை. ஒன்பது வருஷம் ஆகிறது, மறக்கவில்லை.

கடைமடை முறை தொடங்கிய காலையில் அவர் ஷட்டரை மூடப் போனேன். அவர் வயல் நிறைந்து வரப்பில் வழிந்தது. ஆனாலும் முழுக்க மூடாமல் நாலு விரல் இடுக்கு அட்ஜஸ்ட் பண்ணி விடச் சொன்னார். இரண்டு விரல் விட்டேன். ஆகாதவருக்கு உதவி செய்துவிட்டு, அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வதில் ஒரு திருப்தி உண்டு. அவரோ குனிந்து இடுக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு விரல்னா, உங்க விரலா, என் விரலா?"

பதினாறாம் நாள்

மறுநாள் காலை தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது. கரையோடு நடந்து போனால், ஒரு படித்துறையில் கருமாதி. குளிக்க முழங்கால் தண்ணீராவது வேண்டும் என்று வாழைத்தண்டும் மண்ணும் போட்டு வாய்க்காலைக் குறுக்கே அடைத்திருந்தார்கள்.

செத்தவர் என்னோடு பதினோரு வருஷம் பேசாதவர். ஒருமுறை என் ஷட்டர் சாவியைக் குளத்தில் எறிந்தவர். அடைப்பைப் பிரிக்கச் சொன்னேன். மொட்டைத் தலையோடு அவர் மகன் ஈரத்தில் ஏறி வந்தான். ஒரு மணி நேரம் என்று அவன் கேட்க, நான் விட்டது மூன்று மணி நேரம் ஆயிற்று. அவன் கேட்ட விதம் அப்படி: "அப்பாவுக்காக அட்ஜஸ்ட் பண்ணுங்க மாமா. அவரு உங்களுக்குப் பண்ணலதான். இனிமே அவரால திருந்தவும் முடியாதுல்ல?"

ரெஜிஸ்டர்

அன்று மதியம் ஓவர்சியர் போன் செய்தார். என் பெயரை மூன்று வருஷமாகத் தப்பாகவே எழுதிவருகிறவர். "கடைமடைக்குத் தண்ணி சேந்துடுச்சா?"

"இன்னும் நாலு மைல் இருக்கு சார்."

"மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க. சேந்துடுச்சுன்னு அட்ஜஸ்ட் பண்ணி எழுதிடுங்க. எப்படியும் நாளைக்கு வரத்தானே போவுது?"

எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதுகிற எனக்கு அன்றைக்கு என்னவோ சரளமாக வந்தது. கடைமடை நிறைந்துவிட்டது என்று ரெஜிஸ்டர் சொன்னதால், மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பில் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். பதறிப்போய் ஓவர்சியரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சேந்துடுச்சுன்னு உங்க கையெழுத்துதானே இருக்கு?"

கடைசி வயல்

மூன்றாம் நாள் சாயங்காலம் செல்வியின் வயலுக்குத் தண்ணீர் வந்தபோது அதில் என் கணுக்கால்கூட நனையவில்லை. இருட்டினால் முறை முடிந்தது. இரண்டு வயலுக்கும் பிரித்தால் இரண்டும் காயும். செல்வி மண்வெட்டியோடு இறங்கினார். கீழ் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். இருந்த தண்ணீரெல்லாம் மேல் வயலுக்குத் திரும்பியது. கீழ் வயலில் ஒரு நெல்லை உருவி நசுக்கிப் பார்த்தார். பால் இருந்தது.

நான் மகாலிங்கத்தைச் சொன்னேன், கருமாதியைச் சொன்னேன், ரெஜிஸ்டரையும் சொன்னேன். செல்வி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அவங்க கேட்டாங்க, குடுத்தீங்க. கேக்காம இருந்தா நம்ம முறை நமக்கு வந்துடும்னு நெனச்சது என் தப்புண்ணே."

கேட்டவர்கள் அத்தனை பேர் மீதும் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனாலும் அன்றைக்கு அட்ஜஸ்ட் பண்ணியது என்னவோ செல்வியின் கீழ் வயல்தான்.