சொன்னால் கேட்காது

காளவாசலில் இட்லிக்கடை வைத்திருந்த பாண்டியம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். படித்தவர்களிடம் அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை.

அவள் மகள் ஜெயக்கொடிக்குக் காது கேட்காது. மூன்றாம் வகுப்புவரை ஆனிமேரி டீச்சரின் உதட்டைப் பார்த்தே படித்துத் தேறிவிட்டாள். 1979இல் நாலாம் வகுப்புக்குப் போனாள். அதை நடத்தியவர் தலைமையாசிரியர் இன்பசேகரன். ஒரே மாதத்தில் பிள்ளையின் கையில் டி.சி.யைத் திணித்து, காது கேளாதோர் பள்ளிக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பள்ளியின் எழுத்தர் லூர்துராஜ் டி.சி.யை வாசித்தார். நடத்தை என்ற இடத்தில், 'சொன்னால் கேட்காது' என்றிருந்தது.

"அடங்காத பிள்ளைய இங்க சேக்க முடியாதும்மா. சீர்திருத்தப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போ."

"காது கேக்காதுன்னுதான சார் எழுதியிருக்காரு?"

"காதுங்கிற வார்த்தையே இல்லையே!"

பாண்டியம்மாள் திரும்பி ஓடினாள். இன்பசேகரன் நடுவில் 'காது' என்று செருகிக் கொடுத்தார். லூர்துராஜ் மறுபடி வாசித்தார்.

"சொன்னால் காது கேட்காது. அப்பச் சொல்லாட்டிக் கேக்குமா? விட்டுவிட்டுக் கேக்குற காதுக்கு இங்க இடமில்லம்மா."

கல்வி அலுவலகத்துக்குப் போனாள். பள்ளி முடிவு செய்ததைப் பெற்றவள் எதிர்த்துக் கேட்க விதி இல்லை என்றார் அங்கிருந்த குமாஸ்தா. சந்தையில் மாட்டை விற்பதென்றால்கூட உடையவனைக் கேட்கிறார்கள். பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று பெற்றவளைக் கேட்பதில்லை. இதற்குப் பெயர் நிர்வாகம்!

"அப்ப பெத்தவளுக்கு எதுலயுமே பாத்தியதை இல்லையா சார்?"

"ஏன் இல்ல? நீ கைநாட்டு வச்சுக் கேட்டாத்தான் டி.சி.யே குடுப்பாங்க."

"நான் வைக்கலையே!"

குமாஸ்தா பேனாவை மூடினார். "அப்ப அந்த டி.சி. செல்லாதும்மா."

பக்கத்து மேசைக்காரரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஜெயக்கொடியை நாலாம் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"டி.சி. குடுத்தாச்சேம்மா!" என்று பதறினார் இன்பசேகரன்.

"யாரு சார் கேட்டா?"

"இப்பக் கேட்டு ஒரு கைநாட்டு வச்சுரு."

"வைக்க மாட்டேன்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். பிள்ளையின் பெயரை அடிக்கக்கூட மறந்திருந்தார். வேறு வழியின்றிப் பாடத்தைத் தொடங்கினார். ஜெயக்கொடி அவர் வாயையே உற்றுப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பாண்டியம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்த மீசையக் கொஞ்சம் கத்திரிச்சுக்கங்க. பிள்ளைக்கு உதடு தெரிய மாட்டேங்குது."