சாமி அறைக்குப் போன பெண்டர்

இப்போது வயறிங் செய்ய வருகிறவர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்புக்குள் ஒரு ஸ்பிரிங்கை விட்டு, முழங்காலில் வைத்து ஒரு அமத்து அமத்தினால் பைப் வளைந்து கொடுக்கிறது. மடத்துவெளியில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் எடுத்த காலத்தில் அப்படி இல்லை. இரும்புப் பைப். அதை வளைக்க ஒரு சாமான் வேண்டும். ஆளின் இடுப்பளவு வருகிற கைபிடி, அதன் நுனியில் அரைவட்டமாக வார்த்த கனத்த இரும்பு, அந்த இரும்பிலே பைப் பதிந்து இருக்க ஒரு பள்ளம், பைப்பைப் பிடிக்க ஒரு கொக்கி. பெண்டர் என்பார்கள். பைப்பை நிலத்தில் கிடத்தி, பெண்டரின் பின்பக்கக் குதியைக் காலால் மிதித்துக்கொண்டு கைபிடியைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து, ஒரு விரல் தள்ளி வைத்து, திரும்பக் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்து இழுத்தால் பைப் வளையாது, நெரிந்து மடிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சவிரிமுத்து எங்கள் முற்றத்தில் பைப் வளைத்த நாட்களில் நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவன் என்றுதான் பேச்சு. அப்பா மட்டும் முகத்துக்கு நேரே நீர் என்பார். அப்பாவைவிட மூத்த மனிதரை நானும் 'சவிரி' என்று கூப்பிட்டேன். அதை ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை.

அவர் ஊர்காவற்றுறைக்காரர். வேதக்காரர், கடற்றொழில் குடும்பம். கொழும்புத் துறைமுகத்தில் வயறிங் வேலை பழகிவிட்டு ஊரோடு வந்தவர். பைப்புகள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸின் கூரையில் வரும். அவர் சைக்கிளில் எங்கள் தீவுக்கான பாலத்தைக் கடந்து வருவார், பெண்டரைச் சைக்கிள் பாரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு. முதல் நாள் தண்ணீர் கேட்டார். அம்மா வெளியாட்களுக்கு என்று குசினிச் சுவரில் கொழுவி வைத்திருந்த தகரப் பேணியில் கொடுத்தார். அவர் அந்தப் பேணியை ஒருக்கால் திருப்பிப் பார்த்தார். குடித்தார். அடுத்த நாளிலிருந்து போத்தலில் தண்ணீரும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே கொண்டு வந்தார். அம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"நல்ல மரியாதை தெரிஞ்சவன்" என்றார்.

சவிரிமுத்துவின் வாய் சும்மா இருக்காது. "எங்கட மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி காணும் பிள்ளை. உங்கட பிள்ளையாருக்கு எத்தினை வாற் பல்ப் வேணுமாம்?" என்று என்னிடம் கேட்பார். நான் அப்பாவிடம் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன். "நூறோ? பிள்ளையாருக்குக் கண் கூசப்போகுது" என்பார்.

இந்த அவசரமெல்லாம் அக்காவுக்காக. வேலணையில் இருந்து அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன்னர் வந்த இரண்டு இடமும் சரிவராமல் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் வந்து, லைற் வெளிச்சத்தில் வீட்டையும் பெண்ணையும் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வந்தவர்கள் முதலில் சாமி அறையில்தான் கும்பிடுவார்கள். ஆகவே சாமி அறையில் லைற் எரியாவிட்டால் மற்ற அறையெல்லாம் எரிந்தும் அம்மாவுக்குப் பிரயோசனம் இல்லை.

விறாந்தை முடிந்தது. நடு அறை முடிந்தது. குசினிக்குள் அவர் போனபோது அம்மா சட்டிபானை முழுவதையும் வெளியே எடுத்து வைத்தார், பிறகு குசினியைக் கழுவினார். சாமி அறை வாசலுக்குப் பைப் வந்ததும் வேலை நின்றது.

"உதுக்குள்ள அவன் போகேலாது" என்றார் அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சவிரிமுத்து கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருந்தார். "இதென்னக்கா பெரிய வேலையோ? கொழும்பில நான் வீதிக்கு வீதி பாத்தனான். நான் பூட்டுறன்" என்றார்.

சவிரிமுத்து முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "நல்லது. அளவைச் சொல்லுங்கோ தம்பி. நான் வெளியில வளைச்சுத் தாறன், நீங்கள் கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" என்றார்.

மாமா உள்ளே போய்ச் சாண் போட்டு அளந்து வந்தார். எங்கள் வீடு பழைய கல்வீடு. சாமி அறைச் சுவரில் ஒரு கல்விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே கூரையைத் தாங்கும் மரவளை. பைப் விளிம்பைச் சுற்றி வளையைத் தாண்ட வேண்டும். சவிரிமுத்து வளைத்துக் கொடுத்த பைப் மாமாவின் சாணுக்குச் சரியாக இருந்தது, சுவருக்குச் சரியாக இல்லை. மாமா திரும்ப அளந்தார். திரும்பவும் சரிவரவில்லை.

"உன்ர வளைவு பிழை. அந்த இரும்பை இஞ்ச தா, நான் உள்ளுக்கு வைச்சு வளைக்கிறன்" என்றார் மாமா.

சவிரிமுத்து பெண்டரை வாசற்படியில் வைத்தார். மாமா அதைத் தூக்கக் குனிந்தபோது அம்மா, "நில்லு தம்பி" என்றார். என்னைப் பார்த்து, "மஞ்சள் தண்ணி கொண்டு வா" என்றார்.

நான் ஓடினேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும். கோயில் கொடியேற்றத்துக்குக் குடம் எடுக்கச் சொன்னது போல இருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து மஞ்சளைக் கரைத்தேன். ஒரு மாவிலையும் பிடுங்கிப் போட்டேன், அதை ஒருவரும் சொல்லவில்லை. கைபிடியில் ஊற்றினேன், அவர் கை பிடித்துப் பிடித்துப் பளபளப்பாகியிருந்த இடத்தில் இன்னொரு தரம் ஊற்றினேன். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். கொக்கியையும் விடவில்லை. நிமிர்ந்தபோது சவிரிமுத்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடிவாகச் செய்தாய் என்று சொல்லுவார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் திரும்பி முற்றத்துப் பூவரச மரத்துக்குக் கீழே போய் நின்றார்.

உள்ளே மாமா பெண்டரை மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுவையாக இழுத்தார்.

"தம்பி, அதிலயே நிண்டு இழுக்காதேங்கோ. கொஞ்சம் தள்ளுங்கோ" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. உள்ளே பார்க்காமலே, சத்தத்தை வைத்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியும், நீ உன்ர வேலையைப் பார்."

ஒரு பைப் மடிந்து போனது. மற்றதும் மடிந்தது. மூன்றாவதும் கொஞ்சம் நெரிந்தது, ஆனால் வேறு பைப் இல்லை. மாமா நெரிந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்துப் பூட்டினார். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு சவிரிமுத்து வெளியிலிருந்து வயரை விட, மாமா உள்ளேயிருந்து இழுத்தார். பாதியில் இறுகியது.

"இழுக்காதேங்கோ. உள்ளுக்கு நெரிஞ்சிருக்கு, வயரின்ர தோல் உரியும்."

மாமா இரண்டு கையாலும் இழுத்தார். வயர் வந்துவிட்டது.

சவிரிமுத்து அப்பாவிடம் போனார். "ஐயா, அந்த அறைக்கு நான் கரண்ட் குடுக்கமாட்டன். பைப் மாத்தித்தான் குடுக்கலாம். இப்ப குடுத்தா ஆபத்து" என்றார். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "அவனுக்குத் தன்னை உள்ளுக்கு விடேல்லை எண்ட எரிச்சல் அத்தான்" என்றார். சவிரிமுத்து மற்ற அறைகளுக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டுப் போனார். பெண்டர் சாமி அறை மூலையிலேயே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலை, ஒருவரும் பாராத நேரம், அந்த அறை வயரையும் மாமா தானே கொண்டுபோய் விறாந்தைப் பியூஸ் பெட்டியில் மாட்டினார். நான் கண்டேன். மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

பின்னேரம் அவர்கள் காரில் வந்தார்கள். ஏதும் நின்றுவிட்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா சவிரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார். அவர் விறாந்தைக்குக் கீழே நின்றார். விளக்கு வைக்கிற நேரம் அப்பா ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டார். விறாந்தை எரிந்தது. நடு அறை எரிந்தது. வேலிக்கு வெளியே நின்ற சனம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அக்கா கோப்பித் தட்டோடு நடு அறை வாசலுக்கு வந்தாள். அந்த வெளிச்சத்தில் என் அக்காவை நானே புதிதாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் கண்ணை எடுக்கவில்லை.

"முதல் சாமியைக் கும்பிடுவம்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

அம்மா போய்ச் சாமி அறைச் சுவிச்சைப் போட்டார். படார் என்று ஒரு சத்தம். வீடு முழுவதும் இருண்டது.

இருட்டுக்குள் ஒரு பெண் குரல், வந்தவர்களில் யாரோ, "நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில..." என்று தொடங்கிப் பாதியில் விட்டது. அக்காவின் தட்டில் கோப்பைகள் கிலுங்கின.

சவிரிமுத்து விறாந்தைப் பெட்டியில் பியூசைப் பார்த்தார். சாமி அறை வயர் மாட்டியிருப்பதைக் கண்டிருப்பார். அதைக் கழற்றி, பியூஸ் போட்டதும் மற்ற இடமெல்லாம் வெளிச்சம் வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆர் வயறிங் செய்தது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தகப்பன்.

அம்மா முந்திக்கொண்டு, "ஊர்காவற்றுறையில இருந்து இவன்தான் வந்து செய்தவன்" என்றார்.

"அப்ப நிண்டு கொண்டு என்ன? உள்ளுக்குப் போய்ப் பாரன்" என்று அவர் சவிரிமுத்துவுக்குச் சொன்னார்.

மாமா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். போ என்றால் வந்தவர்கள் பிறகு ஆளை அறிந்து என்ன நினைப்பார்களோ, போகாதே என்றால் ஏன் என்று கேட்பார்களோ, அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சவிரிமுத்து மாமாவைப் பார்த்தார். பிறகு தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"தேவையில்லை ஐயா" என்றார். "என்ர பிழைதான். அந்தப் பைப் நான் சரியா வளைக்கேல்லை. அதைக் கழட்டி விட்டிட்டன், ஒருத்தரும் அந்தச் சுவிச்சில கை வைக்காதேங்கோ. மற்றதெல்லாம் எரியும்."

மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்தார். "சரி விடுங்கோ. சாமிக்குக் குத்துவிளக்குத்தான் வடிவு" என்றார். அவர்கள் குத்துவிளக்கு வெளிச்சத்தில் கும்பிட்டார்கள். அக்காவின் கலியாணம் அன்றைக்கே முற்றாகிவிட்டது.

எனக்கோ பெரிய குழப்பம். இழுத்தது மாமா என்று நான் கண்ணால் கண்டவள். ஆனால் பிழை தன்னுடையது என்று சவிரிமுத்துவே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பெரியவர்கள் தாங்கள் செய்யாத பிழையைச் செய்தேன் என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்டர்தான் பழுது, அவருடைய சாமான் என்றபடியால் அவர் பிழை என்கிறார் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் சாமி அறைக்குள் போய் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் வெடிப்பு இல்லை. என் மஞ்சள்தான் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கதை ஊரில் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் அவரைக் கொண்டு வயறிங் செய்ய இருந்த இரண்டு வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் வேறு ஆள் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா கொழும்புக்குப் போய்விட்டார்.

சவிரிமுத்து தன் பெண்டரை எடுக்க வந்தார். அவர் சைக்கிளை வேலிப் படலையில் கண்டதும் அப்பா பின்வளவுக்குப் போய்விட்டார். அம்மா என்னைத்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். பாரத்தில் சாய்ந்து சாய்ந்து கொண்டு போனேன். கையை நீட்டுவார் என்று பார்த்தேன்.

"கீழ வை பிள்ளை" என்றார்.

வைத்தேன். அவர் சைக்கிள் பையிலிருந்து ஒரு பழந்துணியும் சின்னப் போத்தலில் மண்ணெண்ணெயும் எடுத்தார். முற்றத்து மண்ணை ஒரு கை அள்ளினார், பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கொட்டிவிட்டுப் படலைக்கு வெளியே போய் ஒழுங்கையிலிருந்து அள்ளி வந்தார். குந்தியிருந்து கைபிடியைத் தேய்த்தார். கைபிடியின் பளபளப்பான இடத்தை இன்னொரு தரம் தேய்த்தார். துணியைச் சுருட்டிப் பள்ளத்துக்குள் விட்டுத் துடைத்தார். கொக்கியையும் துடைத்தார். அவசரமே படவில்லை. அம்மா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சவிரி உவ்வளவு துடைக்கிறாய்?" என்று நான் கேட்டேன்.

"மஞ்சள் பட்டா இரும்புக்கு ஆகாது பிள்ளை" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். துணியை அங்கேயே போட்டுவிட்டு, பெண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

நான் விறாந்தைக்கு ஓடி, "மெய்யோ அம்மா? மஞ்சள் இரும்புக்கு ஆகாதோ?" என்று கேட்டேன்.

அம்மா படலைப் பக்கம் பார்த்தார். "ஓம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைத் தொடாதே என்றும் சொல்லவில்லை, தானே போய்க் குனிந்து எடுத்தார்.

அம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். அன்று தொடக்கம் எங்கள் வீட்டுக் கத்தி, அரிவாள் ஒன்றிலும் மஞ்சள் படாமல் காவல் காத்தேன். பட்டால் ஓடிப்போய்க் கழுவினேன், துருப் பிடிக்குமென்று. நான் இப்படிக் கழுவுகிறபோதெல்லாம் அம்மா ஏன் எழும்பி அந்தப் பக்கம் போய்விடுகிறார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.