முதல் நாள் படமும் முனகுகிற மோட்டாரும்

அவளைத் தெருவில் எல்லாரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். திருப்புளியின் இரும்பு முனையை மோட்டார் மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடுவாள். அடுத்த வீட்டு மிக்ஸியில் அரைபடுவது மிளகாயா மல்லியா என்று கடையில் இருந்தபடியே சொல்லிவிடுவாள் என்பார்கள். அதில் பாதியாவது நிஜம்.

கம்பி சுற்றும்போது மட்டும் அவளிடம் யாரும் பேசக் கூடாது, எண்ணிக்கை தப்பிவிடும். ஒருமுறை சம்பந்தம் பேச வந்தவர்கள் நேரே கடைக்கே வந்துவிட்டார்கள். அப்போது அவள் முந்நூற்று நாற்பதாவது சுற்றில் இருந்தாள். இருங்கள் என்று கையைக் காட்டினாள். ஐந்நூறு முடிந்து நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இவளுக்கு வருத்தமில்லை. அந்த மோட்டார் பிரமாதமாக ஓடியது.

எதிர் வரிசையில் இருந்த சினிமா தியேட்டரில் அவளுடைய அண்ணன்தான் ஆபரேட்டர். ஒரே மெஷின் உள்ள சின்னத் தியேட்டர். அந்த மெஷின் தன் கை பட்டால்தான் ஓடும் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொள்வார். தங்கையை ஒருநாளும் படம் ஓட்டுகிற கேபினுக்குள் விட்டதில்லை. "மிக்ஸி பாக்கறவளுக்கு அங்க என்ன வேலை?" என்பார்.

அப்பேர்ப்பட்ட அண்ணன் ஒரு மத்தியானம் மூச்சிரைக்க அவள் கடைக்குள் நுழைந்தார். காலையில் படியில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் மாவுக்கட்டு.

"மெஷின் கிளம்ப மாட்டேங்குதும்மா."

"சுத்தவே இல்லையா?"

"சுவிட்சைப் போட்டா முனகுது. அதோட சரி."

"இதுக்கு எதுக்கு மிக்ஸி பாக்கறவ?"

"அப்பறமாத் திட்டிக்கோ. இப்ப வா."

புதுப் படம், முதல் நாள், முதல் காட்சி. இரண்டரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும். மணி இரண்டு நாற்பது. மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மூன்று மணிக்குள் ஓடாவிட்டால் ரெண்டு கையும் ஒழுங்காக உள்ள ஓர் ஆபரேட்டர் அண்ணனின் நாற்காலியில் உட்காருவான். சொன்னதோடு நிற்கவில்லை, பக்கத்து ஊர் ஆபரேட்டருக்கு ஆளும் அனுப்பிவிட்டார்.

கேபின் அலமாரி அகலம்தான் இருந்தது. உள்ளே அடுப்பங்கரைச் சூடு. கீழே அரங்கத்தில் விசில் பறந்தது. திருப்புளி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். விழுவதற்கு முன்பே அண்ணன் பிலிமைக் கோத்து வைத்திருந்தார். மோட்டாரையும் மெஷினையும் இணைக்கிற பெல்ட்டை முதலில் கழற்றினாள். இப்போது மோட்டாருக்கு இழுக்கிற பாரம் எதுவுமில்லை. சுவிட்சைப் போட்டாள். அப்போதும் முனகல்தான். அணைத்துவிட்டு அச்சை விரலால் திருப்பினாள், வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆக, பேரிங் பழுதில்லை. முகர்ந்து பார்த்தாள், கருகிய வாசனையும் இல்லை. காயிலும் தப்பித்தது.

"அண்ணே, தினம் எப்படிக் கிளப்புவே?"

"சுவிட்சைப் போடுவேன், ஓடும்."

"சொல்லாதே. செஞ்சு காட்டு."

அண்ணனின் இடது கை சுவிட்சுக்குப் போனது. அதே நொடியில் மாவுக்கட்டுக் கை தானாக எழும்பி, மெஷின் பக்கவாட்டுச் சக்கரத்தை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது.

"அந்தக் கை எங்க போகுது?"

"அதுவா, சக்கரத்தை லேசா ஒரு தள்ளு தள்ளுவேன். குழந்தையை முதுகுல தட்டற மாதிரி. ஒரு பாசந்தான்."

"எத்தனை நாளா இந்தப் பாசம்?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

திருப்புளி சுவிட்சைப் போட்டு, முனகிக்கொண்டிருந்த மோட்டாரின் அச்சை வலப்பக்கமாகச் சுண்டினாள். விர்ரென்று பிடித்துக்கொண்டு ஓடியது. நிறுத்தி, மறுபடி போட்டு, இடப்பக்கமாகச் சுண்டினாள். இடப்பக்கமே ஓடியது.

"பாத்தியா? எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடறான், நம்ம மாமா மாதிரி. கிளம்பறதுக்கு முதல் தள்ளு குடுக்கறது கண்டென்சர். அது செத்து ரெண்டு வருஷமாச்சு. அதோட வேலையை உன் கை பாத்திருக்கு."

"அப்ப என் கைராசி?"

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ ஒரு கண்டென்சர்ண்ணே."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மணி இரண்டு ஐம்பது. அவள் கடையில் இருந்ததெல்லாம் மின்விசிறிக்கு ஆகிற பொடிக் கண்டென்சர்கள். தடதடவென்று இறங்கித் தியேட்டரின் பின்பக்கம் போய், தண்ணீர் இறைக்கிற மோட்டாரைத் திறந்தாள். அளவு ஒத்துப்போனது. மேனேஜர் ஓடி வந்தார்.

"ஏம்மா, அதைக் கழட்டினா பாத்ரூமுக்குத் தண்ணி?"

"படம் ஓடினா எவன் சார் எந்திரிச்சுப் போறான்?"

கழற்றியதன் இரண்டு கம்பிகளையும் திருப்புளியால் தொட்டாள். படாரென்று பொறி பறந்தது. மேனேஜர் இரண்டடி பின்னால் குதித்தார்.

"நல்லாருக்கு சார். கரண்டைப் பிடிச்சு வெச்சிருக்கு, உயிரோட இருக்கு."

கேபினுக்கு ஓடி, பழையதைக் கழற்றி இதை மாட்டி, பெல்ட்டையும் போட்டபோது மணி மூன்றாக இரண்டு நிமிடம். படியில் செருப்புச் சத்தம். பக்கத்து ஊர் ஆபரேட்டர் ஏறி வந்துகொண்டிருந்தார், அவர் பின்னாலேயே மேனேஜரும். அண்ணன் இடது கையால் சுவிட்சைப் போட்டார். யாரும் தொடாமலே மோட்டார் ஒரே மூச்சில் சுழன்று எழுந்தது. திரையில் வெளிச்சம் விழுந்ததும் கீழே எழுந்த கூச்சலில், கூரையில் இருந்த புறாக்கள் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. இன்னும் திரும்பவில்லை.

"என்னதான் கோளாறு?" என்றார் மேனேஜர்.

"கண்டென்சர் சார். இன்னிக்குக் காலைலதான் போயிருக்கு," என்றாள் திருப்புளி, கண் இமைக்காமல்.

அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். நாற்காலி அவருடையதாகவே இருந்திருக்கும். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார். போயி ரெண்டு வருஷமாச்சு. எனக்குத்தான் தெரியல. கையால தள்ளித் தள்ளியே ஓட்டியிருக்கேன். கண்டுபிடிச்சது இவ."

மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்தார். "நீ முன்னாடியே வந்திருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?"

அவர் நேர்மையான மனிதர். "மோட்டாரையே மாத்தணும்னு சொல்லியிருப்பேன் சார். மூணு நாள் ஆகும்."

"அப்ப கீழ போயி உக்காந்து படம் பாரு. டிக்கெட் வேண்டாம்." மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ உன் எடத்துல இரு. ஆனா மாசம் ஒருதரம் உன் தங்கச்சி வந்து மெஷினைப் பாத்தாகணும்."

இருவரும் இறங்கிப் போனார்கள். அண்ணன் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. இந்த ரீல் முடிய இன்னும் நேரமிருக்கு. பிலிம் கோக்கறது எப்படின்னு சொல்றேன், கவனமாக் கேட்டுக்க. எனக்குக் கை ஒண்ணுதான் இருக்கு, அடுத்த ரீலை நீதான் கோக்கணும்."