சம்பந்தியும் நானும் தும்ளிங் வரை

போன வாரம் ஒரு மலைப்பாதையில் உட்கார்ந்து, மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். பக்கத்தில் என் சம்பந்தியம்மா. அவரும்தான்!

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சி வரை நாலைந்து நாள் நடக்கிற பாதை ஒன்று உண்டு. என் மகனும் மருமகள் மௌவும் எங்களை அழைத்துப்போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள், ஆபீஸில் இருவருக்கும் லீவு கேன்சல்! மிச்சம் யார்? மகனின் அம்மா, தமிழ்க்காரி நான். மௌவின் அம்மா ஷோமா... அசல் பெங்காலி. இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது.

ஷோமா 'வேண்டாம்' என்பார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். ரயில் கிளம்பிவிட்டது.

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நாங்கள் இன்னும் 'ஆப்னி'தான் — பெங்காலியில் 'நீங்கள்'. போன் செய்தால் சௌக்கியமா, பி.பி. எப்படி, சரி வைக்கட்டுமா. அவ்வளவே.

முதல் நாள் நடை தும்ளிங் வரை. முதல் ஏற்றத்திலேயே என் முழங்கால் கெஞ்சியது. சொல்வேனா? குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். அவிழாத லேஸ்! ஷோமா பத்தடிக்கு ஒரு பூவை போட்டோ எடுத்தார். பூவே இல்லாத இடத்திலும் எடுத்தார்.

"தீதி, ரெஸ்ட் வேணுமா?" என்றாள் எங்கள் வழிகாட்டி மாயா. 'தீதி' என்றால் அக்கா.

"எனக்கு வேண்டாம். அவங்களுக்கு வேணும்னா..." — இருவரும் ஒரே குரலில்.

மேக்மா என்ற இடத்தில் ஒரே பனிமூட்டம். ஒரு காலி ஜீப் வந்து நின்றது. "ஏறுங்க, தும்ளிங்தான் போறேன்" என்று டிரைவர் கதவையே திறந்துவிட்டார்.

உள்ளே மெத்தென்ற சீட்... நான் ஷோமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க போங்க. நான் நடந்தே வரேன்" என்றேன்.

"சேச்சே, எனக்கென்ன? நானும் நடப்பேன்."

கதவு சாத்தப்பட்டது. ஜீப் பனிக்குள் மறைந்தது.

ஷோமா பொத்தென்று ஒரு கல்லில் உட்கார்ந்தார். "ஏன் ஏறலை?" என்றார் அழாக்குறையாக.

"நீங்க ஏறினா ஏறலாம்னு இருந்தேன்."

"ஐயோ... நானும்!"

"அப்போ அந்தப் பூ போட்டோ?"

"பூவாவது! மூச்சு வாங்கிச்சு. அது சரி, உன் லேஸ்?"

உன்! 'துமி' என்றுவிட்டார்! அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். யார் முதலில் சிரித்தது, தெரியாது. நிற்கவே இல்லை. உயரம் தலைக்கேறிவிட்டதோ என்று பயந்து, மாயா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தோமே, அதுதான் நடை! 'ஐயோ முழங்கால்' என்று மலைக்கே கேட்கக் கத்தினோம். நினைத்த இடத்தில் உட்கார்ந்தோம். நான் தமிழில் பாட, ஷோமா தாளம் தப்பிக் கை தட்ட, எதிரே வந்த மாடு மிரண்டு ஒதுங்கியது. கால் வலி அப்படியேதான் இருந்தது. அதை மறைக்கிற வேலை மட்டும் இல்லை.

சம்பந்திகளுக்குள் மரியாதை வேண்டியதுதான். அதற்காக அதையும் முதுகில் கட்டிக்கொண்டா மலை ஏறுவது?

தும்ளிங்கில் மௌ வீடியோ காலில் வந்தாள். ஒரே கம்பளிக்குள் நாங்கள் இருவர். ஷோமா என் தோளில் ஓங்கி ஒன்று போட்டு, "நீ சொல்லு, நீ சொல்லு" என்று குலுங்குகிறார். மௌவின் முகம் வெளிறிவிட்டது. அவள் பின்னாலிருந்து என் மகன் எட்டிப் பார்த்தான். "அம்மா, எங்களைப் பத்தி என்ன பேசினீங்க?"

இரண்டு அம்மாக்களும் சேர்ந்து சிரித்தால் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடுகிறது. வரட்டுமே!