கிழக்கு கேலரியில் அப்பா

என் அப்பாவின் குரலைக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் மிகச் சிலர்தான். அவர் திருவண்ணாமலையில் கிளை நூலகத்தில் வேலை பார்த்தார். அவருடைய நாற்காலிக்கு மேலே ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகைக்கு வேலையே இருந்ததில்லை. அப்பா உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தே வருகிறவர்கள் செருப்பை மெதுவாகக் கழற்றினார்கள். வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பார், அம்மா எடுத்துக்கொண்டு வருவாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றால் தட்டைப் பார்ப்பார். இப்படிப் பார்த்துப் பார்த்தே குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் பின்பாதியில், நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில் அது நின்றுபோனது. அப்பா வீட்டுச் சொந்தத்தில் கல்யாணம். அம்மா ரசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். யாரோ ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் ஒரு கரண்டி ரசம் சிந்திவிட்டது. பெரியவர் பரவாயில்லை என்று துடைத்துக்கொண்டார். என் அத்தைதான், அப்பாவின் அக்கா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார். “பந்தியில ஒழுங்கா பரிமாறக்கூட தெரியல. உங்கண்ணன் வீட்ல என்னத்தம்மா சொல்லிக் குடுத்து அனுப்புனாங்க?” சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அதே வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா இலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மோர் கேட்டார்.

அந்த மோரைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே என் கையைப் பிடித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். “முன்னூறு பேர் பாக்க அவங்க பேசறாங்க, இவரு வாயத் தொறந்தது மோர் கேக்கத்தான்” என்று மாமியிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “வரட்டும். வந்து வாயத் தொறந்து உன்ன கூப்பிடட்டும். அப்பதான் அனுப்புவேன்” என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். “ஒரு வார்த்தை கூப்பிட்டா போதும், போயிடுவேன்.”

அப்பா வரவும் செய்தார். வாசலில் நின்று மாமாவைப் பார்த்து “நல்லா இருக்கீங்களா” என்றார். மாமி கொடுத்த காப்பியைக் குடித்தார். கதவுக்குப் பின்னால் அம்மா காத்துக்கொண்டு நின்றாள். அப்பா டம்ளரை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை.

மாமா வீடு ஊர் மைதானத்துக்குப் பின்தெருவில் இருந்தது. அந்த வருஷம் அங்கே பெரிய கால்பந்துப் பந்தயம் நடந்தது. நோட்டீஸில் ‘அகில இந்திய’ என்று போட்டிருந்தார்கள். வந்த டீம்களைப் பார்த்தால் இந்தியா பெங்களூரோடு முடிந்துவிட்டது போலிருந்தது. ஆனால் மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தாடுகிறவர்கள் என்று கேள்விப்பட்டு ஊரே வாயைப் பிளந்தது. பந்தை உதைப்பதற்கு மாதச் சம்பளமா என்று பார்ப்பதற்காகவே வேங்கிக்காலிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டி, சவுக்குக் கழி நட்டுப் பலகை அடித்து கேலரி போட்டிருந்தார்கள். மாமா கமிட்டியில் முக்கியப் புள்ளி. மேற்குப் பக்கம் ஷாமியானாவுக்குக் கீழே மைக் அவர் கையில்தான் இருந்தது. பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல்.

எனக்கு ஆட்டம் அவ்வளவாகப் புரியவில்லை. சத்தம்தான் பிடித்தது. பந்து கோலை நெருங்க நெருங்க எல்லா வாயிலிருந்தும் ஒரு ‘ஊ’ எழும்பும். பந்து வெளியே போய்விட்டால் அத்தனை பேரும் ஒன்றாக ‘ப்ச்’ கொட்டுவார்கள். கோல் விழுந்தாலோ பலகைகள் ஆடும், துண்டுகள் பறக்கும், மாமாவின் மைக்கே காணாமல் போகும். இவ்வளவுக்கும் நடுவில் கிழக்கு கேலரியிலிருந்து தகரக்கடை பாய் ஒரு காலி பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே இருப்பார். வாளியும் சிம்னி விளக்கும் செய்து விற்கிற மனுஷர். எங்கே தட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. அவர் டின் நின்றால் கூட்டமும் மூச்சை வாங்கிக்கொள்ளும்.

பந்தயம் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் அப்பா என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கடலை மிட்டாய் கொடுத்தார். “அம்மா…” என்றார். அதோடு நின்றுவிட்டது. நானாகவே சொன்னேன். “நல்லா இருக்காங்கப்பா. சாயங்காலமானா மாடிக்குப் போய் துணி எடுப்பாங்க. அங்கேந்து மேட்ச் தெரியாது, மரம் மறைக்கும். ஆனா சத்தம் மட்டும் சூப்பரா கேக்கும்.” அப்பா தலையாட்டினார். அவருக்கு நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் அப்பா மைதானத்துக்கு வந்தார். வந்தவர் கிழக்கு கேலரியின் உச்சிப் பலகையில் போய் உட்கார்ந்தார். விவரம் தெரிந்த யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். முதுகுக்குப் பின்னால் தட்டி, தட்டிக்குப் பின்னால் தெரு, தெருவில் மாமா வீடு. பாய்க்காவது அங்கிருந்து கோல் போஸ்ட் கிட்டத்தில் தெரியும் என்று ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்கு என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து வெளியே போனது. எல்லோரும் ‘ப்ச்’ கொட்டி அடங்கினார்கள். பாய் டின்னை நிறுத்தினார். அந்த அமைதியில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஒற்றைக் குரல் வந்தது.

“போடு! போடு! அப்பிடித்தான், போடு!”

பந்து தட்டியைத் தாண்டிச் சாக்கடையில் கிடந்தது. ஒரு பையன் அதை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தான். கத்தியது என் அப்பா.

மைதானமே சிரித்தது. மாமா கையிலிருந்த மைக்கை மறந்து “நம்ம மாப்பிள்ளையா?” என்று கேட்டது ஊர் முழுக்க ஒலிபரப்பானது. அதற்குப் பிறகும் அப்பா விடவில்லை. கூட்டம் கத்தும்போது வாயை மூடிக்கொண்டிருப்பார். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடக்கும்போது, ரெஃப்ரி விசில் ஊதிவிட்டு முறைத்துக்கொண்டு நிற்கும்போது, யாருமே மூச்சு விடாத நேரமாகப் பார்த்து எழுந்து கத்துவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் என்ன பாடு படப்போகிறேனோ என்று இருந்தது.

மாமா மைக்கில் தன் மேடைத் தமிழை எடுத்தார். “கிழக்கு கேலரியில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் குரல் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” பலன் இல்லை. கடைசியில் என்னிடம் திரும்பினார். “போய் உங்கப்பா பக்கத்துல உக்காரு. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு. மானம் போவுது.”

நான் போனேன். அங்கே பாய் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “லைப்ரரி சார், பால் வெளிய இருக்குது. இப்ப இன்னாத்துக்குக் கத்தறீங்க? நான் டின் தட்டும்போது கத்துங்க, ஜோரா இருக்கும்.” அப்பா பணிவாகத் தலையாட்டினார். பாய் தட்டினார், கூட்டம் கத்தியது, அப்பா சும்மா இருந்தார். பாய் நிறுத்தினார். அப்பா எழுந்து, ஒரு கையைக் காதருகில் வைத்துக்கொண்டு, நரம்பு புடைக்கக் கத்தினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தார். என் தலையைத் தடவினார்.

தினமும் இதே கூத்துதான். இதில் ஒரு நல்லதும் நடந்தது. அப்பா பக்கத்தில் உட்கார எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் இருந்தபோதுகூட அவர் மடிமேல் சாய்ந்து அவ்வளவு நேரம் இருந்ததில்லை. வெயிலுக்குத் தன் துண்டை என் தலையில் போட்டுவிடுவார். மலை நிழல் மைதானத்தில் இறங்கியதும் அதை எடுத்து மடித்து வைத்துக்கொள்வார்.

அரை இறுதி நடந்த அன்று ராத்திரி, எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா, “இன்னிக்கு சத்தம் ரொம்பக் கம்மியா இருந்துச்சே” என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “இல்லம்மா, நேத்தவிட ஜாஸ்தி கூட்டம். நிக்கக்கூட எடமில்ல. சத்தம் காதே கிழிஞ்சுது” என்றேன். அம்மா தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள், அது கருகிவிட்டது.

இறுதிப் போட்டிக்கு மெட்ராஸ் டீமும் பெங்களூர் டீமும் வந்துவிட்டன. மரக்கிளையெல்லாம் ஆட்கள். அப்பாவுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டிருந்தது. பந்து முதல் தடவை வெளியே போனபோது வழக்கம்போல எழுந்தார், வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயற்சி செய்தார். மறுபடியும் காற்று. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. “விடுங்க சார். நீங்க உக்காருங்க. உங்களுக்கும் சேத்து நான் கத்தறேன்” என்றார். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். இருந்தாலும் பாய் ஒரு தடவை கத்திக் காட்டினார். நல்ல கனத்த குரல். அப்பா அவர் கையைப் பிடித்து, வேண்டாம் பாய் என்பதுபோல அழுத்தினார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தையும் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பி, தட்டிக்கு மேலே தெரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை. பாவமாக இருந்தது. டீம் தோற்கப்போகிறது என்று பயப்படுகிறார் என்று நினைத்து, “கவலப்படாதீங்கப்பா, மெட்ராஸ்தான் ஜெயிக்கும்” என்றேன்.

இரண்டாம் பாதியும் முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கிழக்குப் பக்கத்துத் தட்டி வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் யாரையோ தடுப்பதும், பிறகு வழி விடுவதும் தெரிந்தது. அம்மா வந்துகொண்டிருந்தாள். காலில் மாமியின் செருப்பு. கொடியிலிருந்து எடுத்த என் பாவாடை தோளிலேயே கிடந்தது. பொம்பளைகள் அதிகம் வராத இடம் அது. ஆண்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட, பலகை பலகையாக ஏறி, யாரையும் பார்க்காமல் நேராக அப்பாவிடம் வந்தாள்.

“உடம்புக்கு என்ன?” என்றாள். மூச்சு வாங்கியது. “ஏன் இன்னிக்குச் சத்தமே காணோம்?”

அப்பா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“யாரு உங்கள இப்பிடிக் கத்தச் சொன்னது?” என்று அம்மா அதட்டினாள். அதட்டும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மெட்ராஸ்காரன் கோல் போட்டான். அந்தப் பந்தயத்திலேயே அவ்வளவு பெரிய சத்தம் எழுந்ததில்லை. கேலரி கிறீச்சிட்டது, பாய் டின்னைத் தலைக்கு மேலே வைத்துத் தட்டினார், நான் பலகைமேல் ஏறிக் குதித்தேன். குதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அப்பாவும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. என்னவோ சொன்னார். பக்கத்திலிருந்த எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினாள். பிறகு தோளில் கிடந்த என் பாவாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் குதித்தால் புழுதி கிளம்பாதா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். கோல் போட்டவன் பெயரை மைக்கில் பாதி சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் அம்மாவின் பெட்டியை அவரே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அப்பாவின் தொண்டைக்கென்று மாமி கொடுத்தனுப்பிய பனங்கற்கண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று ஆட்டம் முடிந்ததும் நாங்கள் மாமா வீட்டுக்குத் திரும்பவில்லை. தட்டி வாசலைத் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தோம். பந்தயம் முடிந்துவிட்டது, அதனால் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இவ்வளவு தூரம் வந்த அம்மா கோலைப் பார்க்கவில்லை. தினமும் வந்த அப்பாவும் பார்க்கவில்லை. அதனால் இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டு, பந்து எங்கே கிளம்பியது, யார் காலுக்குப் போனது, கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான் என்று வழி முழுக்க விளக்கிச் சொன்னேன். கை வலிக்க ஆட்டிக் காட்டினேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இருவரும் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். நான் சொல்வதை அவ்வளவு அக்கறையாக அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.