ஆண்டவர் ஓரகத்தி வூட்டுக்குப் போன நாள்

எண்பதுகளோட ஆரம்பம். உத்திரமேரூர்லேர்ந்து சாலவாக்கம் போற வழியில, ஏரிக்கரைய ஒட்டின ஒரு சின்ன ஊர்ல குடியிருந்தோம். எங்கள மாதிரி வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, வூடுங்க கொஞ்சம்தான். கோயிலும் சின்னது. சாமியார் மாசத்துக்கு ஒருக்கா மோட்டார் சைக்கிள்ல வந்து பூசை வெச்சிட்டுப் போவாரு. மத்த நாள்ல உபதேசியார் மணியடிச்சு ஜெபம் சொல்லுவாரு.

அந்தக் கோயில் பீடத்துத் துணியை வெளுக்கிறது என் வேலை. யாரும் சம்பளம் குடுத்து வெச்சதில்ல. ஆனா அத விட்டா எனக்கு வேற பெருமையும் இல்ல. சோத்துக் கஞ்சி போட்டு, துளி நீலம் கலந்து, நிழல்ல காய வெச்சு மடிச்சா மொடமொடன்னு நிக்கும். ஆண்டவர் எழுந்தருளி வர்ற துணி என் கைபட்டதுன்னு நெனச்சா எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு தடவை பூசைக்குப் போனா, பீடத்து மேல வேற யாரோ வெளுத்த துணி! உபதேசியாரைக் கேட்டேன். "இனிமே உங்க ஓரகத்தி பாத்துக்கட்டும்னு சாமியார் சொல்லிட்டாரும்மா"ன்னாரு. ஓரகத்தின்னா என் வூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே மனைதான். எங்க ஓட்டு வூட்டுக்குப் பின்னால அவங்க கூரை வூடு.

நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தரும் சொல்லல. வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. அவதான் ஏதோ சொல்லிக் குடுத்திருக்கணும்னு எனக்குச் சந்தேகம். அன்னிலேர்ந்து அவகிட்ட பேச்சை நிறுத்திட்டேன். கெணத்தடிக்கு அவ வந்தா, பாதிக் கொடமானாலும் தூக்கிக்கினு திரும்பிடுவேன். பூசையில மட்டும் எல்லார் கூடவும் சேந்து, ஆண்டவரே, நீங்க என் வூட்டுக்குள்ள வர எனக்குத் தகுதியில்லன்னு சொல்லுவேன். உள்ளுக்குள்ள, அவளுக்கு இருக்கிறத விட எனக்குத் தகுதி அதிகம்னு நெனப்பு.

அறுப்பு நேரத்துல அவ புல்லுக்கட்டோட வரப்புல வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சுது. கட்டு போட்டுப் படுக்க வெச்சாங்க. கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு, பூசை முடிஞ்சதும் சாமியாரே வூட்டுக்கு நன்மை எடுத்துக்கினு வருவாரு. நன்மைன்னா பூசையில குடுக்கிற அப்பம். அந்த அப்பத்துல ஆண்டவரே கீறாருன்றது எங்க விசுவாசம். அப்படின்னா ஆண்டவர் அவ வூட்டுக்குப் போறாரு! காவி போட்ட தரை, தெனம் விளக்கேத்தி வெச்ச சேசுவோட இருதயப் படம், எல்லாம் என் வூட்ல கீது. இத வுட்டுட்டு அந்த ஒழுவற கூரைக்கா? எனக்கு ஒரு கால் ஒடியக் கூடாதான்னு நெனச்சேன், சத்தியமா.

சாமியார் வர்றதுக்கு முந்தின நாள் கொழுந்தனார் வந்து வாசல்ல நின்னாரு. "அண்ணி, நன்மை வெக்க வெள்ளைத் துணி ஒண்ணு வேணும். எங்க வூட்ல நல்லதா ஒண்ணும் இல்ல."

பெட்டியிலேர்ந்து நானே பூவேலை செஞ்ச துணியை எடுத்துக் குடுத்தேன். நல்ல மனசுன்னு நெனச்சிடாதீங்க. சாமியார் அதப் பாத்து, யாரு வெளுத்ததுன்னு கேக்கணும். அதுக்குத்தான்.

மறுநாள் தலைவலின்னு சொல்லிட்டு நான் பூசைக்கே போகல. கூழைக் கரைச்சுக் குடிச்சிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். முன்னால உபதேசியார் சின்ன மணிய ஆட்டிக்கினு வர, பின்னால சாமியார் நன்மைச் சிமிழை நெஞ்சோட அணைச்சிக்கினு வந்தாரு. முட்டி போட்டேன். மணிச் சத்தம் என் வூட்டைத் தாண்டிப் பின்பக்கம் போயிடுச்சு. அழுகையா வந்துது எனக்கு.

கொஞ்ச நேரத்துல உபதேசியார் திரும்பி வந்தாரு. "சாமி உங்களக் கூப்பிடறாரும்மா."

துணியைப் பத்தித்தான்! கொண்டையச் சரி பண்ணிக்கினு, முந்தானைய இழுத்துப் போத்திக்கினு போனேன்.

உள்ள, கவுத்து வெச்ச, நெல்லளக்கிற மரக்காலு மேல என் துணி, அது மேல சிமிழு, பக்கத்துல மெழுகுவத்தி. ஓரகத்திதான் பேசினா.

"அக்கா, எம்மேல உனக்கு வருத்தம் கீது. அத வெச்சிக்கினு நன்மை வாங்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். துணி வெளுக்கிற வேலைய அவரா குடுக்கல. நான்தான் போயிக் கேட்டேன். அக்காவுக்கு முன்ன மாதிரி முடியலன்னு பொய் சொன்னேன். நீ பீடத்துகிட்ட போறதப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தெரிச்சலு. மன்னிச்சிடுக்கா."

அடிப்பாவி! நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. கை பரபரன்னு வந்துது. ஆனா எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. நான் முடியாதுன்னு திரும்பிட்டா அவ வாங்க மாட்டா. ஆண்டவர் வந்த வழியே திரும்பணும். என் வாயிலேர்ந்து வர்ற ஒரு வார்த்தைக்கு ஆண்டவர் காத்துக்கினு கீறாரு.

மெழுகு சாஞ்சு என் துணி மேல சொட்டிக்கினு இருந்துது.

"துணி பாழாவுது பாருடி, எவ்ளோ நேரம் அவரக் காக்க வெப்ப? வாங்கிக்க"ன்னேன். அத்தனை மாசத்துக்கு அப்புறம் அவகிட்ட நான் பேசின முதல் பேச்சு அதுதான். அவ 'ஓ'ன்னு அழுதுட்டா.

எல்லாரும் அந்த ஜெபத்தைச் சொன்னோம், எனக்குத் தகுதியில்லன்னு. அவ நாக்குல நன்மைய வெச்சிட்டு, சாமியார் என் பக்கம் திரும்பினாரு. "நீங்களும் வாங்கிக்கிறீங்களாம்மா?"

நன்மைக்கு முன்னால ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. "இப்பதான் கூழு குடிச்சேன் சாமி"ன்னேன். குடிச்சதும் நெசந்தான். ஆனா குடிக்காம இருந்திருந்தாலும் அன்னிக்கு நான் நாக்கை நீட்டியிருக்க மாட்டேன்.

அப்புறம் பீடத்துத் துணியை ரெண்டு பேரும் சேந்துதான் வெளுத்தோம். சண்டை போட்டுக்கினேதான். அந்த மெழுகுக் கறை மட்டும் என் துணியிலேர்ந்து போகவே இல்ல.

அவ மேல எனக்கு இன்னிக்கும் பொறாமைதான். பீடத்துத் துணிக்காக இல்ல. ஆண்டவர் வாசப்படி ஏறி உள்ள வந்து நிக்கிறப்ப, "கொஞ்சம் இருங்க, முதல்ல எங்க அக்காவக் கூப்பிடுங்க"ன்னு சொல்ல அவளுக்கு வந்த மனசு, அவளுக்கு முன்னால எனக்கு வரலியேன்னுதான்.