மந்தைவெளியில் தலை எண்ணுபவர்

வெற்றிலை மென்றபடி ஒருவர் போனார், டிக். ட்யூஷனுக்குப் போகும் இரண்டு பெண்கள், டிக், டிக். தோளில் தூங்கும் குழந்தையோடு ஓர் அம்மாள் வந்தாள். அதற்கு ஒரே டிக்தான். கைக்குழந்தை கணக்கில் சேராது. பின்னால் அசைந்து வந்த எருமையைத் தணிகாசலம் மரியாதையோடு போகவிட்டார்.

மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, மந்தைவெளி பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மருந்துக்கடைப் படியோரம் அவர் நிற்கிறார். உள்ளங்கைக்குள் ஒரு சின்ன இரும்புக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் அதிலுள்ள எண்ணில் ஒன்று கூடும். அவருக்கு அது ‘மிஷினு’. வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருஷம் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர். கொட்டகையை இடித்ததும் இந்த வேலைக்கு வந்தார். தணிகாசலம் என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. இருக்கிற பிழைப்பிலும் நான் மண் அள்ளிப் போட வேண்டாம்.

முதலில் அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். அடையாறு பஸ்ஸுக்காக தினமும் அதே இடத்தில், ஒரு கையை ஜோல்னாப் பைக்குள் விட்டபடி நிற்பது என் வழக்கம். மூன்றாம் நாள் கிட்டே வந்து, “சார், தப்பா நெனைக்காதீங்க. பைக்குள்ள இன்னா கீது?” என்றார். மூக்குப்பொடி டப்பாவைக் காட்டினேன். “முருகா!” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். கம்பெனி அவருக்குத் தெரியாமல் இன்னொரு ஆளையும் எங்காவது நிறுத்தி, அதே தலைகளை எண்ண வைக்குமாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சீட்டுக் கிழிந்தது. வடபழனி டெப்போ வாசலில் எண்ணிக்கொண்டிருந்த கரீமுல்லா, டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் வேலையை இழந்திருக்கிறார். அதிலிருந்து தணிகாசலம் நின்ற இடத்தில் டீ குடிப்பதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் எவனைக் கண்டாலும், அவன் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

பாண்டி பஜாரில் ஒரு மாடியில் இருக்கிறது ஆபீஸ். கடை திறக்க நினைக்கும் பெரிய கம்பெனிகளுக்கு ஊரையும் தெருவையும் அளந்து கொடுப்பது அவர்கள் தொழில். சுவரில் தமிழ்நாட்டுப் படம், அதில் கலர் கலராய்க் குண்டூசிகள். மானேஜர் ராகவேந்திரனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் நாளே பாடம் நடத்திவிட்டாராம். ஊரில் இத்தனை லட்சம் ஜனம் இருந்தால் ரெடிமேட் கடை, அதற்கு மேலே போனால் ஐஸ்கிரீம் கடை, இன்னும் மேலே போனால் பீட்சாவும் ஏ.சி. மளிகையும். சென்னைக்கு எல்லாக் கலர் குண்டூசியும் உண்டு. எந்தத் தெருவில் குத்துவது என்று சொல்லத்தான் தணிகாசலம்.

சேலத்திலிருக்கும் என் மைத்துனன், “எங்க ஊருக்கெல்லாம் எப்பத்தான் வருமோ” என்று ஏங்கிக் கடிதம் எழுதுகிறான். அதைச் சொன்னபோது தணிகாசலம் தலையை ஆட்டினார். “எங்கக்கா ஆரணில கீது சார். அந்த ஊருக்கு ஒரு குண்டூசிகூட இல்ல. எவனும் மிஷின எடுத்துக்கினு அங்க போமாட்டான். குடுத்து வெச்சது.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் அடையாறில் பதினோரு நாள் எண்ணினார். டீக்கடை பீர் முஹம்மது, ‘பாவம், நின்னுக்கினே இருக்கியே’ என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்தாராம். எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் டீக்கடையும் இல்லை, பக்கத்து சைக்கிள் கடையும் இல்லை. பெரிய கண்ணாடிக் கதவு. உள்ளே சில்லென்று குளிரில் ஜனங்கள் துவரம்பருப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். “அந்தாளு ஸ்டூல்லயே குந்திக்கினு, அந்தாளு கடைக்கே நாள் எண்ணிக்கினு இருந்திருக்கேன் சார்” என்றார். அன்றிலிருந்து அவர் உட்கார்ந்து எண்ணுவதில்லை.

கட்டைவிரல் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கோயில் வரிசையில் சும்மா துடிக்கும். வடபழனியில் ஒரு கல்யாணப் பந்தியில் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் “இருநூத்திப் பதினாறு” என்றிருக்கிறார். பெண் வீட்டார் கண் பட்டுவிடும் என்று எரிந்து விழுந்தார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கே தம் கண்மேல் அந்தப் பயம்தான்.

மந்தைவெளிக்கு உத்தரவு வந்த அன்று ராகவேந்திரனின் மேஜைமேல் தணிகாசலம் ஒரு வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். மருந்துக்கடைக்கு எதிர்ச்சாரியிலுள்ள ஒற்றைமாடிக் கட்டடம். கீழே நான்கு கடைகள். நடுச்சுவர்களையெல்லாம் அழித்து ஒரே கூடமாகப் போட்டிருந்தார்கள். அழிந்த அறைகளில் மூன்றாவது, மரகதத்தின் மாவுக்கடை. மரகதம் அவருடைய மனைவி. இரண்டு கிரைண்டர்களை வைத்துக்கொண்டு மந்தைவெளியில் பாதிப் பேருக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள். பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தது அந்த மாவுதான். டிக்கெட் கிழித்த காசு பஸ்ஸுக்கும் பீடிக்கும் சரியாய்ப் போயிற்று என்று அவரே சொல்வார்.

பன்னிரண்டு நாள் எண்ண வேண்டும். அதில் மூன்று மாலைகள் நாலாயிரத்தைத் தாண்டினால் கடை வருவது நிச்சயம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். “இன்னாத்துக்குய்யா எண்ற?” என்று மரகதம் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார், பறக்கும் ரயிலுக்கு என்று. ரயில் அப்போதுதான் மயிலாப்பூர் வரை வந்து நின்றிருந்தது. அடுத்த ஸ்டேஷன் எங்கே என்பதுதான் ஊர்ப்பேச்சு. அவள் நம்பிவிட்டாள்.

ஒன்பது நாளில் ஒரே ஒரு மாலைதான் நாலாயிரத்தைத் தாண்டியது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பத்தாம் நாள் மரகதம் நாலைந்து பெண்களோடு எங்கள் முன்னால் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். ஒரே ஆள் பத்துத் தடவை போனாலும் பத்து என்று எண்ண வேண்டும் என்பது விதி. தணிகாசலம் எண்ணினார். அன்று நாலாயிரம் எட்டவில்லை. பதினோராம் நாள் அந்தப் படை பதினைந்து பேராகிவிட்டது. அன்று மிஷின் நாலாயிரத்து முப்பதில் நின்றது. இன்னும் ஒரு மாலை தாண்டினால் போதும்.

“வூட்டுக்குப் போ மரகதம். மாவு புளிச்சுடப் போவுது” என்று கெஞ்சினார்.

“புளிச்சாப் புளிக்கட்டும். டேசன் வந்தா கடை வாசல்லயே கூட்டம் எறங்கும். நீ ஒன் வேலயப் பாருய்யா.”

“சொல்லித் தொலையுங்களேன்” என்றேன் நான்.

“இன்னான்னு சார் சொல்றது? ஒன் கடையத்தான் நான் எண்ணிக்கினு கீறேன்னா?”

நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுச் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று அவரை மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

பன்னிரண்டாம் நாள் என்னால் முடிந்தது ஒன்றுதான். என் ஆபீஸிலிருந்து வரும்போது அவர் முன்னால் நடக்காமல், பின்தெருவில் சுற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தேன். “சுத்திக்கினு வந்தியா சார்? ரொம்ப டேங்க்ஸ்” என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று நான் அடையாறு பஸ்கள் இரண்டை விட்டேன்.

ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. தெரு ஐந்தே நிமிடத்தில் துடைத்துவிட்ட மாதிரி காலியானது. எட்டாக இரண்டு நிமிடம் இருக்கும்போது மிஷினில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவர் என் தோளைத் தொட்டார். “பொழச்சோம் சார்” என்றார்.

அப்போதுதான் எதிர்ச்சாரியிலிருந்து குடைகள் வந்தன. முக்காடு போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சிரித்தபடி இருபது பெண்களாவது இருப்பார்கள். மழையில் எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாது என்று மரகதம் வீடு வீடாய்ப் போய்த் திரட்டியிருக்கிறாள். தணிகாசலம் என்னைப் பார்த்தார். பிறகு எதிரே, பூட்டிய துணிக்கடைக் கூரைக்குக் கீழே, மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டு நின்ற ஓர் ஆளைப் பார்த்தார். அவன் மழைக்கு ஒதுங்கியவனாகவும் இருக்கலாம்.

பெண்கள் ஒவ்வொருவராய்க் கடந்தார்கள், டிக், டிக்; மிஷின் சரியாக நாலாயிரத்துக்கு வந்தது. கடைசியில் மரகதம். நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாய்யா, என்னையும் சேத்துக்கினியா?”

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். மிஷினைப் பிடித்த கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது: கட்டைவிரல் ஒரு கணம் தயங்கியது, பிறகு அமுங்கியது.